முகம் மட்டும் அவருடையது

எங்கள் ஊரில் பட்டாளத்துக்காரர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை மரியாதை நடக்கும். ஒன்று, நவம்பரில் கல்லறைத் திருநாளன்று அவர்களுக்கு அவர்களே செய்துகொள்வது. இன்னொன்று, ஆகஸ்ட் பதினைந்தில் மைக் செட் கட்டி மற்றவர்கள் செய்வது. முதலாவதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டாவதைப் பற்றி நான் வாயைத் திறந்தால், நான் நடத்துகிற மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்திருப்பவர்கள் சாம்பாரை அவசரமாகப் பிசைந்து தின்றுவிட்டு எழுந்துவிடுவார்கள். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்பார்கள். அவர்கள் ஷிஃப்டு எப்போது என்று எனக்குத் தெரியாதா என்ன.

ஒரகடத்திலிருந்து உள்ளே வரும் ரோட்டில்தான் எங்கள் ஊர். இப்போது சுற்றிலும் கார் கம்பெனி, டயர் கம்பெனி, கண்ணாடிக் கம்பெனி. இவையெல்லாம் வருவதற்கு முன்னால் எங்கள் ஊர் ஆம்பளைகளுக்கு இருந்த ஒரே கம்பெனி பட்டாளம்தான். என் அப்பாவும், நான் அத்தை என்று கூப்பிடுகிற பெண்ணின் வீட்டுக்காரரும் ஒரே நாளில் ஆள் எடுப்பில் நின்று ஒரே ரயிலில் போனவர்கள். அத்தை எங்களுக்கு ரத்த சொந்தம் இல்லை. அவர்கள் காலனித் தெரு, நாங்கள் கோயில் தெரு. மாதா கோயில் ஒன்று, பூசை ஒன்று, தெரு மட்டும் இரண்டு. பட்டாளத்தில் ஒரே தட்டில் சாப்பிட்ட இரண்டு பேரும் லீவில் ஊருக்கு வந்தால் பஸ் நிறுத்தத்தோடு பிரிந்து போவார்கள். என் அப்பா மட்டும் அந்த வழக்கத்தை மதிக்காமல் அவர் வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார், எங்கள் பாட்டன் வகையறா பின்னாலேயே திட்டிக்கொண்டு வரும்.

மலையில் நடந்த சண்டையில் அத்தையின் வீட்டுக்காரர் குண்டுபட்டு இறந்தார். அப்பா அப்போது பக்கத்தில் இருந்தார். அந்தப் பனியில் அப்பாவின் வலது கைச் சுண்டுவிரல் கறுத்துப்போய், நுனியை வெட்டி எடுத்தார்கள். சவப்பெட்டியோடு ஊருக்கு வந்ததும் அவர்தான். ஹவில்தாராக ரிட்டயர் ஆகி, இப்போது ஒரு கம்பெனி கேட்டில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு செக்யூரிட்டியாக நிற்கிறார்.

அத்தைக்குப் பிள்ளை இல்லை. பென்ஷன் வருகிறது, சாப்பாட்டுக்குக் குறையில்லை. தனியாக வீட்டில் உட்கார்ந்தால் சுவர் பேசுகிறது என்று காலையில் என் மெஸ்ஸுக்கு வந்துவிடும். காய் நறுக்கும், வெங்காயம் உரிக்கும், என்னைத் திட்டும். அதற்கு ஒரே ஒரு ஏக்கம்தான் இருந்தது. பட்டாள உடையில் அவர் எடுத்து அனுப்பிய போட்டோ ஒன்று அதன் வீட்டில் இருந்தது. ஏரி உடைந்து ஊருக்குள் தண்ணீர் வந்த வருஷம் அது சேற்றோடு போயிற்று. எங்கள் வீட்டில் அப்பாவின் ட்ரங்குப் பெட்டியும், அதிலிருந்த உடையும், அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த படங்களும் அதே தண்ணீரில்தான் போயின. மெடல்களை மட்டும் அப்பா சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஏறினார். ரெஜிமெண்டுக்கு எழுதிப் பார்த்தார், பதில் இல்லை.

"மொகம் மறந்துடும் போல கீதுடி" என்று அத்தை ஒருநாள் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னது. "கல்யாண போட்டோ எங்க அக்கா வூட்ல கீது. அதுல மாப்பிள்ளதான் தெரியறாரு. பட்டாளத்தான் தெரியல."

இந்த நிலையில்தான் ஊருக்குள் நற்பணி மன்றம் ஒன்று முளைத்தது. அதை நடத்துகிறவன் பழைய பிரசிடெண்டின் மகன், கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிற கான்ட்ராக்டர். வெளியூரிலிருந்து வருகிறவர்களை ரூமில் அடைத்து, பஸ்ஸில் ஏற்றி, லைனில் கொண்டுபோய் நிறுத்துகிற வேலை. கம்பெனி அதிகாரிகள் கண்ணில் நல்ல பிள்ளையாகத் தெரிய அவனுக்கு ஏதாவது ஒரு விழா எப்போதும் வேண்டும். மகளிர் தினம் வைத்தான், மரம் நட்டான், அந்த மரம் எங்கே என்று கேட்காதீர்கள். பிறகு பட்டாளத்துக்காரர்கள் ஞாபகம் வந்தது. கம்பெனிக்காரன் செலவு, இவன் படம். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்று சும்மாவா சொன்னார்கள்.

மெஸ்ஸுக்கு வந்து அவனே அத்தையைக் கூப்பிட்டான். "மேடைக்குப் பக்கத்துல ஆளுயரத்துக்கு மாமாவுக்குத் தனி ஃப்ளெக்ஸ் வெக்கிறோம். போட்டோ இருந்தா குடு."

"கல்யாண போட்டோதாம்பா கீது. வேட்டி சட்டைல."

"அத்தெல்லாம் நம்ம ஆளு கம்ப்யூட்டர்ல மிலிட்டரி டிரஸ் போட்டுடுவான். நீ மொகத்த மட்டும் குடு."

அத்தை கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தது. "நெஜமாவாப்பா? மிலிட்டரி டிரஸ்லயே வருவாரா?" என்று கேட்டது. அப்புறம் கொஞ்சம் யோசித்து, "எனக்குச் சால்வையெல்லாம் வேணாம். விழா முடிஞ்சதும் அந்த ஃப்ளெக்ஸ என்கிட்ட குடுத்துடு" என்றது. அவன் சரி என்றான். அதற்கு அடுத்த நாளே மறைமலை நகருக்கு பஸ் ஏறி, அக்கா வீட்டிலிருந்து கல்யாண போட்டோவை வாங்கி வந்தது. அன்றிலிருந்து ஆகஸ்ட் பதினைந்து வரைக்கும் என் மெஸ்ஸில் அதே பேச்சுதான். சாம்பாரில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூட அதற்கு நினைவில்லை.

விழா பள்ளிக்கூட மைதானத்தில். காலை வெயில் ஏறுவதற்கு முன்பே அப்பாவும் மற்ற பட்டாளத்துக்காரர்களும் வந்துவிட்டார்கள். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் மெடல், தலையில் பெரே தொப்பி. அன்றைக்கு அப்பா கம்பெனியில் லீவு சொல்லியிருந்தார். மேடை முழுக்க கான்ட்ராக்டர் கைகூப்பிச் சிரிக்கிற ஃப்ளெக்ஸ். வீரர்கள் எல்லோரும் அதன் அடியில் சின்னச் சின்ன வட்டத்துக்குள் இருந்தார்கள். மேடைக்கு இடது பக்கம், சவுக்குக் கட்டையில் கட்டி, ஆளுயரத்துக்கு அத்தையின் வீட்டுக்காரர் நின்றார்.

நான் தூரத்திலிருந்து பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. கல்யாண மாப்பிள்ளையின் முகம், பட்டாளக்காரனின் உடம்பு, கையில் துப்பாக்கி, பின்னால் தேசியக் கொடி. நன்றாகத்தான் செய்திருக்கிறான் என்று நினைத்தேன். அப்பா பக்கத்தில் போனார். நின்றார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னாப்பா?"

"அது நம்ம டிரஸ் இல்ல."

எனக்குப் புரியவில்லை. உடையில் இருக்கும் புள்ளி வேறு, தோளில் இருக்கும் சின்னம் வேறு, பெல்ட்டு வேறு என்று அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். வேறு என்றால் யாருடையது என்று கேட்டேன். எதிரில் நின்று சுட்டார்களே, அவர்களுடையது என்றார். எந்தப் பட்டாளத்தின் குண்டு பட்டு அந்த மனுஷன் செத்தாரோ, அந்தப் பட்டாளத்து உடையைக் கொண்டுவந்து அவருக்கு மாட்டியிருந்தார்கள். ஃப்ளெக்ஸ் கடைக்காரன் நெட்டில் மிலிட்டரி என்று தேடியிருக்கிறான், தெளிவாக இருந்த முதல் படத்தை எடுத்துத் தலையை வெட்டிவிட்டு இந்தத் தலையை ஒட்டியிருக்கிறான். அமைச்சர் பிறந்தநாளுக்கும், காதுகுத்துக்கும், கண்ணீர் அஞ்சலிக்கும் அவர்கள் செய்கிற அதே வேலைதான்.

மற்ற பட்டாளத்துக்காரர்களும் பார்த்துவிட்டார்கள். "கிழிச்சிப் போட்ருவோம்" என்றார் ஒருவர். அப்பா நேராகக் கான்ட்ராக்டரிடம் போனார். நானும் கூடவே போனேன்.

"இந்தப் படத்த எடுத்துடுப்பா. டிரஸ் தப்பு" என்றார்.

"இன்னா தப்பு?"

அப்பா சொன்னார். அவன் ஒரு நொடி திகைத்தான், பிறகு சுற்றும் முற்றும் பார்த்தான். "பெருசு, மெதுவா பேசு. மிலிட்டரி டிரஸ்னா எல்லாம் ஒண்ணுதான். இங்க யாருக்குத் தெரியப் போவுது? கம்பெனி சாரு வர்ற நேரம், எடுத்தா அந்த இடம் மொட்டையா நிக்கும்."

"யாருக்குத் தெரியுமா? அவர் கூட நின்னு சுட்டவருக்குத் தெரியும். உன் வாயில மண்ணு விழ" என்றேன் நான். சொன்னது சொன்னதுதான், இன்றைக்கும் வருத்தமில்லை. அவன் என்னைக் கண்டுகொள்ளவில்லை. "வேணும்னா நீங்களே எடுத்துடுங்க. ஆனா அந்தம்மா கிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, கார் வருகிறதா என்று ரோட்டைப் பார்க்கப் போய்விட்டான். அவன் கெட்டிக்காரன். எங்கே கை வைத்தால் என் அப்பா நிற்பார் என்று தெரிந்து வைத்திருந்தான்.

நாங்கள் திரும்பி வரும்போது அத்தை வந்துவிட்டிருந்தது. ஈஸ்டருக்கு எடுத்த நீலப் புடவை, தலையில் பூ இல்லை, கழுத்தில் ஜெபமாலை. ஃப்ளெக்ஸுக்கு முன்னால் நின்று, லாரிகள் கிளப்பிய தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தது. முதலில் முகத்தை, பிறகு தோளை, பிறகு கையை. தோளில் இருந்த அந்தச் சின்னத்தை நன்றாகப் பளபளப்பாகத் துடைத்தது. பட்டாளத்துக்காரர்கள் எல்லோரும் தள்ளி நின்று தரையைப் பார்த்தார்கள்.

"ணா, வாணா" என்று அப்பாவைக் கூப்பிட்டது. "மூக்கப் பாரு. அப்படியே கீறாரு. கிட்ட வந்து பாருணா."

அப்பா கிட்டப் போனார்.

"இந்த டிரஸ்தான போட்டுகினு கடசியா போனாரு? நீ கூட இருந்தல்ல. இதே டிரஸ்தான?"

என் அப்பாவை எனக்குத் தெரியும். பட்டாள விஷயத்தில் ஒரு பட்டன் இடம் மாறினாலும் சண்டைக்கு வருகிற ஆள். சினிமாவில் எவனாவது இடது கையால் சல்யூட் அடித்தால் டிவியை நிறுத்திவிடுவார். அவர் அந்தப் படத்தின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, "ஆமாம்மா. இதேதான்" என்றார்.

கம்பெனி அதிகாரி வெயில் உச்சிக்கு வந்தபோது வந்தார். அதுவரை கிழவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள், உட்காரச் சொல்ல நாதியில்லை. கொடி ஏறியது. கான்ட்ராக்டர் மைக்கில், கேட்டில் பார்க்கும்போது "செக்யூரிட்டி, கேட்டத் தொற" என்று கூப்பிடுகிற என் அப்பாவை, "மாவீரர் ஐயா அவர்கள்" என்றான். அதிகாரி, சேஃப்டி பற்றிப் பத்து வார்த்தை பேசினார். மறைந்த வீரருக்கு மரியாதை என்று அறிவித்தார்கள். அப்பா முன்னால் வந்து மற்றவர்களை வரிசையில் நிறுத்தினார். கிழிக்க வேண்டும் என்று சொன்னவர் முதலில் அசையவில்லை. அப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார், அவரும் வந்தார். அப்பா சத்தமாக ஆர்டர் கொடுத்தார். எங்கள் ஊர்ப் பட்டாளத்துக்காரர்கள் எல்லோரும் அந்த உடைக்கு முன்னால் நின்று சல்யூட் அடித்தார்கள். ஊர் கை தட்டியது. அத்தை அழுதது.

ஃப்ளெக்ஸை அன்றே அத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் ஆணியடித்து மாட்டினோம். நான்தான் ஏணியைப் பிடித்தேன். அதன் பிறகு அப்பா அங்கே போனால் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். பூசை முடிந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போகிற வழக்கத்தையும் மெல்லக் குறைத்தார்.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். மழைக்காலம் தொடங்கும்போது அத்தை ஒன்று கேட்டது. கல்லறைத் திருநாளுக்கு முன்னால் அந்தப் படத்தை டைல்ஸில் அடித்து வீட்டுக்காரரின் கல்லறையில் பதிக்க வேண்டும். எல்லாக் கல்லறையிலும் இப்போது அப்படிப் பதிக்கிறார்கள், அவருடையது மட்டும் வெறும் சிலுவையோடு நிற்கிறது என்றது. நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு எழுந்துவிட்டார்.

கல்லறைத் திருநாள் எங்கள் பட்டாளத்துக்காரர்களுக்கு வேறு விஷயம். மற்ற குடும்பங்கள் மெழுகுவத்தி கொளுத்தி, பூப் போட்டு, ஃபாதர் மந்திரித்துவிட்டுப் போன பிறகு, அவர்கள் மட்டும் அந்த ஒரு கல்லறையைச் சுற்றி நிற்பார்கள். பேச்சு கிடையாது, மைக் கிடையாது. ஒவ்வொருவராகக் கல்லைத் தொட்டுவிட்டுப் போவார்கள். சண்டையிலிருந்து உடம்பாகத் திரும்பி வந்தவருக்கு, உயிரோடு திரும்பி வந்தவர்கள் செய்கிற மரியாதை. அந்தக் கல்லில் அந்த உடையைப் பதிப்பதா?

அப்பா பரங்கிமலைக்கு பஸ் ஏறினார். அங்கே பட்டாள உடை தைக்கிற டெய்லர் கடைகள் உண்டு. சண்டைக் காலத்து மாதிரி உடையைத் தம் அளவுக்குத் தைத்து வாங்கி வந்தார். வயசான உடம்பு, தொப்பை வேறு. என்னையும் கூட்டிக்கொண்டு அதே ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனார். ஸ்ரீபெரும்புதூர் போகிற ரோட்டில் இருக்கிறது அது.

"இன்னாய்யா பண்ணி வெச்ச?" என்று கடைக்காரனிடம் நான் ஆரம்பித்தேன்.

"நெட்ல மிலிட்டரின்னு போட்டேன்க்கா. வந்துச்சு" என்றான் அவன், இதிலென்ன இருக்கிறது என்கிற முகத்தோடு.

அப்பா என்னை அடக்கிவிட்டு, உடையை மாட்டிக்கொண்டு வந்து வெள்ளைத் திரைக்கு முன்னால் நின்றார். மெடல் குத்திக்கொள்ளவில்லை. "அது என்னுது. அவன் நெஞ்சுல என் மெடல் இருக்கக்கூடாது" என்றார். விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். கடைக்காரன் படம் எடுத்தான். பிறகு கம்ப்யூட்டரில், என் கண் முன்னாலேயே, என் அப்பாவின் தலையை எடுத்துவிட்டு அத்தையின் வீட்டுக்காரருடைய தலையை வைத்தான். அப்பா பக்கத்தில் நின்று, தொப்பியைக் கொஞ்சம் சாய்க்கச் சொன்னார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

ரெஜிமெண்டிலிருந்து நல்ல படம் வந்துவிட்டது என்று அத்தையிடம் சொன்னார். அதற்கு ஒரே சந்தோஷம். உள்ளங்கை அகலத்துக்கு டைல்ஸ். அதில் அந்தச் சல்யூட் அடிக்கும் கை ஒரு பருப்பு அளவுதான். அத்தை அதைத் தொட்டுப் பார்த்து, "கடசில கொஞ்சம் சத போட்டுட்டாரு போல" என்று சிரித்தது. அந்த நவம்பரில் பட்டாளத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கல்லைத் தொட்டபோது, நீண்ட நாளைக்குப் பிறகு அப்பா நிமிர்ந்து நின்றார்.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் கான்ட்ராக்டருக்குப் பிறந்தநாள் வந்தது. ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் வழியெல்லாம் ஃப்ளெக்ஸ். காய் வாங்கிக்கொண்டு நானும் அத்தையும் ஷேர் ஆட்டோவில் வந்து, அப்பா வேலை பார்க்கிற கம்பெனி கேட் பக்கத்தில் இறங்கினோம். கேட்டுக்கு நேர் எதிரில், இருந்தவற்றிலேயே பெரிய ஃப்ளெக்ஸ். 'எல்லை காக்கும் எங்கள் அண்ணனே' என்று போட்டு, பட்டாள உடையில் கான்ட்ராக்டர் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தான். உடை இந்த முறை சரியான உடைதான். அத்தை நின்றது. அண்ணாந்து பார்த்தது. டைல்ஸில் பருப்பளவு இருந்த கை இங்கே ஆள் உயரத்துக்கு இருந்தது. சுண்டுவிரலுக்கு நுனி இல்லை.

அத்தை ஃப்ளெக்ஸைப் பார்த்தது, கேட்டைப் பார்த்தது. பையை என்னிடம் கொடுத்துவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனது. நான் பின்னாலேயே ஓடினேன். நீலச் சட்டையில் நின்ற அப்பாவின் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தது.

"இது உன் கைதான ணா?"

அப்பா எதிரில் இருந்த ஃப்ளெக்ஸை அப்போதுதான் சரியாகப் பார்த்தார் போல. தலையை ஆட்டினார்.

"அப்போ கல்லறைல கீறதும் உன் உடம்பு."

"ஆமாம்மா."

"அப்போ என் வூட்ல கீறது யாரு உடம்பு?"

ஒரு கன்டெய்னர் லாரி வந்து ஹாரன் அடித்தது. அப்பா போய்க் கேட்டைத் திறந்து, லாரியை உள்ளே விட்டு, கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தார். வந்து சொன்னார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

அத்தை சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. "அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல ணா" என்றது. "தெனமும் வெளக்கு வெச்சிட்டு அதுக்கு முத்தம் குடுத்துகினு இருந்தேன்."

இன்னொரு லாரி வந்தது, அப்பா கேட்டுக்குப் போனார்.

கான்ட்ராக்டரிடம் போய் நான் கத்தினேன். "டிரஸ் நல்லா இருந்துச்சுன்னு கடைக்காரன் போட்டான், எனக்கு இன்னா தெரியும்" என்றான். அப்பா அதன் பிறகு ஆகஸ்ட் பதினைந்துக்கு லீவு கேட்பதில்லை, கேட்டிலேயே நிற்கிறார். நவம்பரில் மட்டும் போகிறார். அத்தையும் வருகிறது. இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அத்தை "ணா" என்று இழுத்துக் கூப்பிடுவது நின்றுவிட்டது.

தன் வீட்டுச் சுவரில் இருந்த ஃப்ளெக்ஸை, விஷயம் தெரிந்த மறுநாள் காலையிலேயே அத்தை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மெஸ்ஸுக்குக் கொண்டுவந்தது. "வெறகு மேல போட்டுக்கோ, மழைக்கு ஆவும்" என்று கொடுத்துவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தது. பிரித்துப் பார்த்தேன். முகத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டிருந்தது. அந்த உடம்பு இன்றைக்கும் என் விறகின் மேல்தான் கிடக்கிறது. தலை இருந்த இடத்தில் ஓட்டை இருப்பதால், மழை பெய்தால் அந்த இடத்தில் மட்டும் விறகு நனைந்துவிடுகிறது.